வேலை போனா வீடும் போகுமா? மாஞ்சோலை முதல் உவரி வரை... தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்குச் சட்டம் தரும் அவகாசம் எவ்வளவு?

வேலையை விட்டு நிறுத்தினால் வீட்டை விட்டும் வெளியேற்றலாமா? சட்டப் புத்தகத்தைக் கேட்டால், இரண்டும் வேறு வேறு விவகாரம் என்று சொல்லும். வேலை தொழிலாளர் சட்டத்தில் வரும், வீடு வாடகைச் சட்டத்தில் வரும். ஆனால் திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மாஞ்சோலை மலையில் 2024-ல் நடந்ததைப் பார்த்தால் இரண்டும் ஒரே விவகாரம்தான். ஒரே அறிவிப்பில் வேலையும் போனது, வீடும் கேள்விக்குறியானது.

அது எஸ்டேட் கதை, நமக்கென்ன என்று கடந்துபோக முடியாது. அதே மாவட்டத்தின் கடற்கரையில், உவரி போன்ற ஊரில், வாடகை வீட்டில் பிள்ளையோடு தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு திசையன்விளைக் கடையில் பார்த்த வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் எத்தனை நாள் இருக்கிறது? யார் அவரைக் காலி செய்யச் சொல்லலாம்? எந்தப் பணம் எப்போது வரும்? முதலில் மலைக்குப் போய்விட்டு, பிறகு கடற்கரைக்கு வருவோம்.

மாஞ்சோலையில் என்ன நடந்தது?

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மணிமுத்தாறு அணைக்கு மேலே, தாமிரபரணிக்குத் தண்ணீர் அனுப்பும் காட்டுக்கு நடுவில் இருக்கும் தேயிலைத் தோட்டங்கள் இவை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 8,373 ஏக்கரை 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், சுருக்கமாக பி.பி.டி.சி. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை மட்டும் தொடர்ந்தது. அது முடிவது 2028 பிப்ரவரியில். சுற்றிலும் இருக்கும் காடு 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது.

குத்தகை முடிய இன்னும் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே, 2024 மே மாதம் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஜூன் 14 கடைசி வேலை நாள். ஆகஸ்ட் 7-க்குள் லைன் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். ஓய்வுத் தொகையில் 25 சதவீதம் முதலில், மீதி 75 சதவீதம் வீட்டைக் காலி செய்த பிறகு.

'விருப்ப' ஓய்வு என்ற சொல்லில் விருப்பம் யாருடையது என்று கேட்கத் தோன்றும். தோட்டமே மூடுகிறது என்றால் தொழிலாளிக்குத் தேர்ந்தெடுக்க இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அதைவிட முக்கியமானது அந்த 25 - 75 கணக்கு. கீழே சமவெளியில் ஒரு வாடகை வீடு பிடிக்க வேண்டுமென்றால் முன்பணம் வேண்டும். அந்த முன்பணத்துக்கான பெரும் தொகையோ, மேலே இருக்கும் வீட்டைக் காலி செய்தால்தான் வரும். வீடு கிடைக்கப் பணம் வேண்டும், பணம் கிடைக்க வீட்டை விட வேண்டும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் நான்கு தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள். பெரும்பாலும் பட்டியல் சமூகத்தினர், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள்.

வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. வெளியேற்ற இடைக்காலத் தடை வந்தது. தோட்டத்தை அரசின் தேயிலை நிறுவனமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்பதுதான் மனுதாரர்களின் முக்கியக் கோரிக்கை. டான்டீயே நஷ்டத்தில் இருக்கிறது என்றது அரசு. 2024 டிசம்பர் 3-ம் தேதி நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வு அந்தக் கோரிக்கையை ஏற்காமல் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. வீடு, கடன், பயிற்சி என்று அரசு தந்த மறுவாழ்வு உறுதிகளை நிறைவேற்றச் சொன்னது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனபோது, 2025 மார்ச்சில் அகத்தியமலை நிலப்பரப்பு முழுவதையும் ஆய்வு செய்யும்படி மத்திய அதிகாரக் குழுவுக்கு உத்தரவு வந்தது. மலையை விட்டு இறங்காத குடும்பங்கள் 2025-லும் இருந்தன.

டான்டீ ஏன் 1968-ல் தொடங்கப்பட்டது என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலையும் இருப்பிடமும் கொடுக்கத்தான். அங்கே லைன் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இங்கே நீலகிரியில் இன்னொரு லைன் வீடு. தோட்டத் தொழிலில் வீடு என்பது சம்பளத்தின் ஒரு பகுதி மாதிரிதான் நடத்தப்படுகிறது. வேலை பார்க்கும்வரை உண்டு, ஓய்வு பெற்றால் கிடையாது. வீட்டைத் தக்கவைக்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர வேண்டும். பல குடும்பங்களில் பிள்ளையின் படிப்பை நிறுத்தியது வறுமை மட்டும் இல்லை, இந்த விதியும்தான்.

மாஞ்சோலைத் தொழிலாளர்கள் ஏற்கெனவே ஒருமுறை பெரிய விலை கொடுத்தவர்கள். 1999 ஜூலை 23-ம் தேதி, கூலி உயர்வும் கைதானவர்களின் விடுதலையும் கேட்டு நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடி நடந்தது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அடக்கம்.

தனியாக இருப்பவருக்கு அடி ஏன் கூடுதல்?

தோட்டத் தொழிலில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தால், அந்த வீட்டுக்கு இரண்டு பேருக்கான ஓய்வுத் தொகை வரும். கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர் என்றால் ஒன்றுதான். ஆனால் காலி செய்ய வேண்டிய வீடு இருவருக்கும் ஒன்றே. கீழே இறங்கிப் பிடிக்க வேண்டிய வாடகை வீட்டுக்கும், கணவன் இல்லாத வீடு என்பதற்காக யாரும் வாடகையைக் குறைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எஸ்டேட்டில் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். சொந்தம் இல்லாவிட்டாலும் லைனில் அத்தனை பேரும் அத்தை, சித்திதான். புது ஊரில் அது கிடையாது. காலை ஷிப்டுக்குப் போனால் பிள்ளையை யார் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் அந்தப் பெண் வேலையே தேட முடியும். வேலை, வீடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் - மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன, ஒரே நாளில் போயின.

இதன் மறுபக்கத்தை மாவட்டத்தின் பீடித் தொழிலில் பார்க்கலாம். நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். அவர்களுக்கு வீடுதான் பட்டறை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வேறு ஊருக்குப் போனால், பழைய கடையின் இலை, தூள் கணக்கும் அதோடு நின்றுபோகலாம். தேயிலையில் வேலை போனதால் வீடு போனது. பீடியில் வீடு போனால் வேலை போகும்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஆய்வு செய்த சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்டும் இதைத்தான் சொன்னார். வேலை இல்லாததால் மட்டும் வீடு பறிபோவதில்லை, வீடு பறிபோவதாலும் வேலை போகிறது என்பது அவரது முக்கியமான கண்டுபிடிப்பு. அங்கும் அதிகம் வெளியேற்றப்பட்டவர்கள் பிள்ளைகளோடு தனியாக இருந்த, ஏழைக் கறுப்பினத் தாய்மார்கள்.

உவரிக்கு ஒரு சட்டம், திசையன்விளைக்கு ஒரு சட்டமா?

ஆமாம். பலருக்கும் தெரியாத சங்கதி இது.

தமிழ்நாட்டில் வாடகைக்கு என்று 2017-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று நீளமான பெயர். இது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்கு மட்டும். திசையன்விளையில் வாடகைக்கு இருந்தால் இந்தச் சட்டம் வரும். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில், கப்பல் மாதா கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் இருக்கும் உவரி கிராம ஊராட்சி. அங்கே இந்தச் சட்டம் வராது.

அப்போ உவரியில் எது? 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், இன்றும் அதுதான். அதன் 106-வது பிரிவுப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் எதுவும் இல்லாத மாத வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்ல 15 நாள் நோட்டீஸ் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாடகை பாக்கி இருக்க வேண்டும் என்றும் இல்லை.

நகர்ப்புறச் சட்டத்தில் காரணம் வேண்டும். வாடகை பாக்கி என்றால் இரண்டு மாதம் சேர்ந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து, அதன் பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கரண்டை, தண்ணீரைத் துண்டித்து நெருக்கடி கொடுக்கக் கூடாது.

ஆனால் இந்தச் சட்டத்திலும் ஒரு முள் இருக்கிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஒப்பந்தமே போடவில்லை என்றால் அதுவே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் ஆகிவிடும். சின்ன ஊர்களில் எத்தனை வீட்டுக்காரர்கள் பத்திரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள்? "நம்ம ஊர்ப்பொண்ணுதானம்மா, பத்திரம் எதுக்கு" என்பதுதான் வழக்கம். அந்த நல்ல மனசு வாடகை தவறாமல் வரும்வரை நன்றாகத்தான் இருக்கும். வாடகைதாரரைப் பாதுகாக்க வந்த சட்டம், பத்திரம் கேட்கத் துணிச்சல் இல்லாத வாடகைதாரரைத்தான் முதலில் கைவிடுகிறது.

15 நாள் முடிந்தால் சாமானைத் தூக்கி வெளியே போடலாமா?

கூடாது. இதில் கிராமம், நகரம் என்ற வேறுபாடு இல்லை.

நோட்டீஸ் என்பது 'காலி செய்யுங்கள்' என்ற கோரிக்கைதான், வெளியேற்ற உத்தரவு கிடையாது. 15 நாள் முடிந்தும் வாடகைதாரர் போகவில்லை என்றால் வீட்டுக்காரர் செய்யக் கூடியது ஒன்றுதான். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பூட்டை மாற்றுவது, ஓட்டைப் பிரிப்பது, ஆள் வைத்துப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைப்பது எல்லாமே சட்டத்துக்குப் புறம்பானவை. அப்படி யாராவது செய்துவிட்டால், 1963-ம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-வது பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். எதிரில் நிற்பவர் சொந்தக்காரரே ஆனாலும் சரி. 'நீ என்னைச் சட்டப்படி வெளியேற்றினாயா' என்பதுதான் அங்கே கேள்வி, 'வீடு யாருடையது' என்பதல்ல.

நடைமுறையில் என்ன நடக்கிறது? "பிள்ளைய வச்சிக்கிட்டு தனியா இருக்கா, கோர்ட்டுக்கா போவப் போறா" என்ற கணக்கில்தான் பல இடங்களில் நெருக்கடி வருகிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும் 'சமாதானம்' பெரும்பாலும் காலி செய்யும் தேதியைத் தள்ளிப்போடும் பேச்சாகவே இருக்கும். அதுவும் ஒரு உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெண் கையில் எதைக் கொண்டு பேசுகிறார் என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

அவருக்கு வக்கீல் வைக்கக் காசு வேண்டியதில்லை. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்கும் நிபந்தனை பெண்களுக்குக் கிடையாது. திருநெல்வேலி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வெள்ளைத் தாள் மனு போதும். தேசிய உதவி எண் 15100. வீட்டில் மிரட்டல், கைகலப்பு என்றால் பெண்கள் உதவி எண் 181.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வாடகையை முடிந்தவரை ஜிபே, வங்கி வழியாகவே கொடுத்திருக்க வேண்டும். ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்றால், 'இந்த மாச வாடகை குடுத்துட்டேன்' என்று அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பிவைப்பது நல்லது. அந்த முகவரியில் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் பள்ளிப் பதிவு இருந்தால் அதெல்லாம் குடியிருப்பதற்கான சாட்சி. பிள்ளையின் படிப்பு நடுவில் நிற்குமோ என்ற பயத்தில் அவசரப்பட்டு இடம் மாற வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புவரை மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காக எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

வேலை போனதற்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும்?

இங்கேதான் காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் வேலை பார்த்தவர் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 பொருந்தும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்துவதானால் ஒரு மாத நோட்டீஸ், இல்லாட்டி ஒரு மாதச் சம்பளம். தொழிற்சாலை போன்ற இடங்களில் ஆட்குறைப்பு என்றால், 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் பேசும். பணி முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள். புதிதாக வேலை கற்றுக்கொள்ள என்று ஒரு நிதியிலிருந்து 15 நாள் ஊதியம், 45 நாளுக்குள். ஐந்து ஆண்டு முடித்திருந்தால் பணிக்கொடை, 30 நாளுக்குள்.

இப்போது வீட்டுக்கான நாளைப் பாருங்கள். 15. பணம் ஒழுங்காக, சட்டப்படி, யாரும் ஏமாற்றாமல் வந்தால்கூட 30 நாள், 45 நாள். வீட்டுக்காரரின் நோட்டீஸ் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஒழுங்காக வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார், சமரசப் பேச்சு என்று மாதக்கணக்கில் இழுக்கும். வேலைச் சட்டத்தை எழுதியவர்களும் வாடகைச் சட்டத்தை எழுதியவர்களும் ஒருவரை ஒருவர் சந்தித்ததே இல்லை என்று தோன்றுகிறது. கணவர் சம்பளம் என்று இன்னொன்று வரும் வீடு இந்த இடைவெளியை எப்படியோ சமாளித்துவிடும். ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு அந்த ஒரு மாதத்தில்தான் உடைகிறது.

அதுவும் ஆவணம் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கே. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமல், சம்பளத்தை வாரக்கடைசியில் கையில் வாங்கியவர் 'நான் இங்கே வேலை பார்த்தேன்' என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

அரசு உதவித்தொகை இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் யார் 'ஆதரவற்றவர்' என்பதற்கு அரசுக் காகிதம் வைத்திருக்கும் விளக்கமும் ஊரில் இருக்கும் நிஜமும் ஒத்துப்போவதில்லை.

ஆதரவற்ற விதவைகள் உதவித்தொகை 2023-ல் மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. இதற்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் ஒரு திட்டம் உண்டு, ஆனால் வயது 30 ஆகியிருக்க வேண்டும், பிரிந்து ஐந்து ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்ததற்கான நீதிமன்ற ஆவணம் வேண்டும். 26 வயதில் இரண்டு பிள்ளைகளோடு, கணவர் விட்டுப்போய் ஒரு வருஷம் ஆன பெண்ணுக்கு இந்தக் கதவு திறக்காது. அவருக்கு இப்போதுதான் தேவை, காகிதம் நான்கு வருஷம் கழித்து வரச் சொல்கிறது. 2023 செப்டம்பர் 15-ல் மாதம் ரூ.1,000 என்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இந்த விஷயத்தில் பரவாயில்லை. அதில் கணவர் எங்கே என்ற கேள்வி முக்கியம் இல்லை, ரேஷன் கார்டும் வருமான வரம்பும்தான் கணக்கு.

கடற்கரை ஊர்களில் இன்னொரு வகைத் தனிமை உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெண் விதவையா? ஊர் என்ன சொன்னாலும் சட்டம் உடனே ஒப்புக்கொள்ளாது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கருத முடியும் என்பது சாட்சியச் சட்டத்தின் நிலைப்பாடு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, அவ்வளவு நாள் காத்திருக்க வைக்காமல் காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களுக்கும் தமிழக அரசு ரூ.20 லட்சம் நிவாரணம் கொடுத்தது. பெரும் புயல், பெரும் எண்ணிக்கை, நாடு முழுக்கக் கவனம். அதனால் விதி வளைந்தது. ஒரு சாதாரண நாளில், ஒரே ஒரு வள்ளம் கவிழ்ந்து ஒரே ஒருவர் காணாமல் போனால் அந்த வேகம் வருமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் அலைச்சலைப் பொறுத்தது.

சொந்த வீடு? குடிசையில்லாத தமிழ்நாடு என்ற இலக்கோடு வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது வீடு கட்டத்தான். கட்டுவதற்கு இடமும் பட்டாவும் உங்களிடம் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரிடம் அது இருந்திருந்தால் அவர் ஏன் வாடகைக்கு இருக்கிறார்? அவர் முதலில் கேட்க வேண்டியது இலவச வீட்டுமனைப் பட்டா. அந்த மனுவை வட்டாட்சியர் அலுவலகத்திலோ திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க் கூட்டத்திலோ கொடுக்கலாம். வேலை போவதற்கு முன்பே கொடுத்து வைக்க வேண்டிய மனு இது, போன பிறகு கொடுத்தால் அந்த மாத வாடகைக்கு உதவாது.

நீதிமன்றங்கள் இதுவரை என்ன சொல்லியிருக்கின்றன?

1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கு. பம்பாய் நடைபாதைவாசிகளை மாநகராட்சி அகற்றப் போனபோது, தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையிலான அரசியல் சாசன அமர்வு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது: வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும். நடைபாதையில் இருப்பவர் அங்கே இருப்பது பக்கத்தில் வேலை இருப்பதால்தான், இருப்பிடத்தைப் பிடுங்கினால் பிழைப்பும் போகும். நாற்பது ஆண்டுக்கு முன்பே வீட்டையும் வேலையையும் முடிச்சுப் போட்டுப் பார்த்த தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்புதான், முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. உரிமையை ஏற்றுக்கொண்டார்கள், நடைபாதையை விட்டுக் கொடுக்கவில்லை. மாஞ்சோலைத் தீர்ப்பிலும் ஏறக்குறைய அதே வடிவம்தான் தெரிகிறது. மறுவாழ்வு உரிமை உண்டு, மலையில் இருக்கும் உரிமை இல்லை.

காட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதற்கு அந்த மழைக்காடுதான் காரணம், தூத்துக்குடிவரை குடிக்கும் தண்ணீர் அது. கேள்வி காடா மனிதரா என்பதல்ல. ஒரு நூற்றாண்டு குத்தகையில் லாபம் பார்த்த நிறுவனம் வெளியேறுவதற்கு முன்கூட்டியே தேதி தெரிந்திருந்தது. 2028 என்பது 1929-லேயே எழுதப்பட்ட ஆண்டு. கீழே வீடு கட்டி முடித்துவிட்டு மேலே இருப்பவர்களை இறங்கச் சொல்ல, அரசுக்கும் நிறுவனத்துக்கும் பல பத்தாண்டுகள் இருந்தன. நோட்டீஸ் முதலில் வந்தது, வீடு பற்றிய பேச்சு வழக்குக்குப் பிறகு வேகமெடுத்தது.

வேலை போனவரை வீட்டைவிட்டும் அனுப்பாதே என்று அரசே உத்தரவு போட முடியாதா? போட்டிருக்கிறது, ஒருமுறை. 2020 மார்ச் 29-ம் தேதி, ஊரடங்கின் முதல் வாரத்தில், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை வெளியிட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, அவர்களையோ மாணவர்களையோ காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை வரும். எல்லா ஊரிலும் அது மதிக்கப்பட்டதா என்பது வேறு கதை. ஆனால் வேலையும் வாடகையும் தொடர்புள்ளவை என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் அது. பிரிட்டனில் இப்போது நிரந்தரமாகவே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. காரணமே சொல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற இங்கிலாந்தில் வழிசெய்த விதியை, 2025-ல் இயற்றிய சட்டத்தின் மூலம் 2026 மே 1 முதல் நீக்கியிருக்கிறார்கள். உவரிக்குப் பொருந்தும் 1882 சட்டத்தின் 15 நாள் நோட்டீஸும் காரணம் கேட்காத விதிதான். அந்தப் பிரிவில் 2002-ல் ஒரு திருத்தம் வந்தது. நோட்டீஸில் இருக்கும் சின்னச் சின்னப் பிழைகளைக் காட்டி வாடகைதாரர் தப்பிக்க முடியாதபடி செய்வதற்காக.

அடுத்து என்ன?

மாஞ்சோலையில் 2028 பிப்ரவரி குத்தகைக் கெடு இருக்கிறது. இறங்கியவர்களுக்குத் தரப்படும் வீடுகள் யார் பெயரில் வரும் என்பதை இனி கவனிக்க வேண்டும். லைன் வீட்டில் நான்கு தலைமுறை இருந்தும் பட்டா இல்லாமல் போனவர்களுக்கு, மறுபடியும் 'குடியிருக்க மட்டும்' என்று ஒரு ஒதுக்கீடு கிடைத்தால் அது இன்னொரு லைன் வீடுதான். குடும்பத்துக்கு ஒன்று என்று பட்டியல் போடும்போது, கணவர் பெயரில் பழைய ரேஷன் கார்டு இருக்கும் தனித்த தாய்க்குத் தனி வீடு கணக்கில் வருமா என்பதும் அங்கேதான் தெரியும்.

உவரியிலும், அதுபோன்ற நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகளிலும் வாடகைச் சட்டத்தை நீட்டிக்க வேண்டுமென்றால் அது சட்டமன்றத்தின் வேலை. அதுவரை அங்கே வாடகைக்கு இருப்பவருக்கு 15 நாள் நோட்டீஸ், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கை வைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு, 15100 என்ற எண். இப்போதைக்கு இவ்வளவுதான்.